மதினி வைத்த பத்தியம்

கருத்தம்மாள் கான்சாபுரத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து சேர்ந்தபோது பெத்தம்மாளுக்கு ஆபரேஷன் முடிந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. பங்குனி வெயில் பத்து மணிக்கே ரோட்டில் கானலாக நெளிந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் முடிந்து, செண்பகத்தோப்பு ரோட்டில் மாந்தோப்புகள் தொடங்கும் இடத்தில்தான் தம்பி மாரிசாமியின் வீடு. வந்தவள் குடிக்கத் தண்ணீர்கூடக் கேட்கவில்லை. கட்டைப்பையைச் சுவரில் சாய்த்துவிட்டு நேரே கட்டிலுக்குப் போய், தம்பி மனைவியின் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள்.

“காச்சல் இல்ல. ஏட்டி, காலையில என்ன தின்ன?”

“ரெண்டு இட்லி மதினி.”

“தொட்டுக்கிட?”

“தேங்காச் சட்னி.”

“வெளங்கிரும். வயித்தக் கிழிச்சிப் போட்டிருக்கு, தேங்காயா திங்க? சொல்லுததுக்கு ஒரு ஆளில்லயா இந்த வீட்டுல?”

கட்டைப்பையிலிருந்து நாட்டுப்பூண்டு, மிளகு, காகிதத்தில் சுற்றிய கருவாடு எல்லாம் வெளியே வந்தன. கடைசியாக ஒரு பழைய பருத்திச் சேலை. அது கிழித்து வயிற்றில் கட்டுவதற்கு.

கருத்தம்மாளுக்கு ஐம்பத்தெட்டு வயது. தாயில்லாமல் போன மாரிசாமியை இடுப்பில் வைத்து வளர்த்தவள். புருஷன் இறந்துவிட்டான். பையன்கள் இரண்டு பேரும் திருப்பூரில். கான்சாபுரத்தில் கதிரறுப்பும் களையெடுப்புமாக அவள் பாடு ஓடியது. ஆபரேஷன் வேண்டாம் என்று ஒரு மாதமாகப் போனில் சண்டை போட்டவளும் அவள்தான். “கர்ப்பப்பைய எடுத்துட்டா பொம்பள ஒடம்பு வெறுங்கூடுல்லா” என்று சொல்லிப் பார்த்தாள். யாரும் கேட்கவில்லை. கேட்காமல் செய்துவிட்டார்கள் என்று கோபித்துக்கொண்டு இருந்தவள், ஒன்பதாம் நாள் தானாகவே கிளம்பி வந்துவிட்டாள்.

பெத்தம்மாளுக்கும் ஆசையா, ஆபரேஷன் செய்துகொள்ள? பன்னிரண்டு வருஷமாக அவள் பால்கோவா கிண்டுகிறவள். ஊருக்குள் ஒரு பட்டறையில் வரிசையாக ஆறு அடுப்பு. விறகு எரிந்துகொண்டே இருக்கும். இடுப்புயரத்தில் இரும்பு வாணலி. பத்து லிட்டர் பாலை ஊற்றி, சீனியைப் போட்டு, நீளத் துடுப்பால் அடிபிடிக்காமல் துழாவ வேண்டும். பால் சுண்டச் சுண்டத் துடுப்பு கனக்கும். கை ஓய்ந்தால் கருகிவிடும். கருகினால் அந்த வாணலி முழுக்க வீண். இந்த நிற்பில்தான் மூன்று வருஷமாக அவளுக்கு ரத்தம் போய்க்கொண்டிருந்தது. மாதத்தில் பத்து நாள், பிறகு பதினைந்து நாள். கருப்பு, பழுப்பு, கரும்பச்சை தவிர வேறு நிறத்தில் சேலை கட்டுவதை விட்டுவிட்டாள். போன மாசியில் வாணலிக்கு முன்னால் தலை சுற்றிச் சாய்ந்தவளைப் பக்கத்து அடுப்புக்காரி பிடித்து இழுக்காவிட்டால் முகம் வெந்திருக்கும்.

மகள் சத்யப்பிரியாதான் ராஜபாளையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். இருபத்திரண்டு வயது. தளவாய்புரத்தில் ஒரு நைட்டி கம்பெனியில் தையல். கர்ப்பப்பையில் இரண்டு கட்டி, ரத்தம் பாதிதான் இருக்கிறது என்று டாக்டரம்மா சொன்னார். ரத்தம் ஏற்றி, காப்பீட்டு அட்டையில் ஆபரேஷன் முடிந்தது. ஆறாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். போகும்போது, நிறையத் தண்ணீர் குடிக்கணும், கீரை பழம் சாப்பிடணும், நடக்கணும், மூன்று மாசத்துக்குக் குடம் தூக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். சத்யப்பிரியா எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி அலமாரிக் கதவில் ஒட்டியிருந்தாள்.

கருத்தம்மாளுக்கு எழுத்து தெரியாது.

மறுநாளிலிருந்து பத்தியம் தொடங்கியது. குழைய வடித்த சோறு, பூண்டுக் குழம்பு, சுட்ட கருவாடு. கீரை குளிர்ச்சி, பழம் சளி, மோர் ஆகவே ஆகாது. தண்ணீர், காய்ச்சி ஆறியது அரை டம்ளர், அதுவும் சோற்றுக்குப் பிறகு. “பச்சத் தண்ணி பட்டா உள்புண்ணு சீழ் கோத்துக்கும்” என்றாள். காலையும் மாலையும் சேலைக் கிழிசலை இறுக்கிக் கட்டினாள். கட்டும்போது அவள் விரல்கள் தழும்புக்குப் பக்கத்தில் வந்ததும் மெதுவாகிவிடும். அந்த மெதுவுக்காகவே பெத்தம்மாள் வாயைத் திறக்கவில்லை.

“அத்தை, மூணு லிட்டர் தண்ணி குடிக்கச் சொல்லிருக்காவ” என்று சத்யப்பிரியா தாளைக் காட்டினாள்.

“யாரு?”

“டாக்டரு.”

“அவிய ஏசில இருக்காவ. நம்ம தகரத்துக்கடியில இருக்கோம். அவிய ஒடம்பும் நம்ம ஒடம்பும் ஒண்ணா?”

தண்ணீர் விஷயத்தில் பெத்தம்மாளுக்கே தனியாக ஒரு கணக்கு இருந்தது. வீட்டுக்குப் பின்னால் கக்கூஸ் கட்டியிருந்தார்கள், ஆனால் தண்ணீர் குடத்தில்தான் கொண்டுபோக வேண்டும். குழாயில் நான்கு நாளைக்கு ஒருமுறை தண்ணீர். தன்னால் குடம் தூக்க முடியாது. ஒவ்வொரு தடவையும் மதினியையோ மகளையோ கூப்பிட வேண்டும். குடித்தால்தானே போக வேண்டும் என்று குறைத்துக்கொண்டாள். அப்படியே போனாலும் முக்குவதற்குப் பயம். முக்கினால் தையல் விட்டுவிடுமோ என்று அடிவயிற்றைக் கையால் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், பிறகு ஒன்றும் ஆகாமல் எழுந்து வந்துவிடுவாள்.

பதினான்காம் நாள் வயிறு கல்லாகிவிட்டது. தட்டினால் தகர டின் மாதிரி சத்தம் வந்தது. நாலு வாய் சோற்றுக்கு மேல் இறங்கவில்லை. பார்க்க வந்தவர்கள் ஒவ்வொருவரும் ஒரு காரணம் சொன்னார்கள்.

“முதுகுல ஊசி போட்டாகள்லா, அந்த மயக்க மருந்து வயித்துலயே தங்கிருச்சி” என்றாள் எதிர்வீட்டுக்காரி.

“கர்ப்பப்பை இருந்த எடம் காலியா கெடக்குல்லா. கொடலு அதுக்குள்ள எறங்கியிருக்கும்” என்றாள் பட்டறையில் கூடக் கிண்டுகிறவள்.

“கண்ணேறு” என்று ஒருத்தி மிளகாயைச் சுற்றிப் போட்டாள்.

சத்யப்பிரியா ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். இரும்புச்சத்து மாத்திரையால் அப்படி இருக்கும், வலி மாத்திரையும் குடலை மந்தமாக்கும், தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள், இந்த மருந்து வாங்கிக் கொடுங்கள், சரியாகாவிட்டால் கூட்டி வாருங்கள் என்றார்கள். மருந்து வாங்கிக் கொடுத்ததில் இரண்டு நாள் இளகியது. பெத்தம்மாள் எழுந்து வேப்பமரம் வரை நடந்தாள். முகம்கூடத் தெளிந்தது. மாரிசாமிக்கு அதில் அவ்வளவு சந்தோஷம். அவன் விடியுமுன்னே எழுந்து டிவிஎஸ்ஸில் கேன்களைக் கட்டிக்கொண்டு வத்திராயிருப்புப் பக்கம் போய் வீடு வீடாகப் பால் எடுத்து, பட்டறைகளுக்கு ஊற்றுகிறவன். அன்றைக்கு மத்தியானம் வரும்போது பரோட்டாப் பொட்டலம் ஒன்றைச் சட்டைக்குள் ஒளித்து வந்தான்.

“அக்கா பாத்தா கொன்னுரும். சீக்கிரம் தின்னு.”

பெத்தம்மாள் ஒன்றரை பரோட்டா தின்றாள். சால்னாவை விரலால் வழித்தாள். ஒரு வாரமாகப் பூண்டையே தின்ற நாக்குக்கு அது தேவாமிர்தமாக இருந்தது.

அதற்கு அப்புறம் நாலு நாள் ஏதோ ஓடியது. இருபத்தோராம் நாள் வலி வந்தது. முன்பு இருந்த கனம் மாதிரி இல்லை. அலை மாதிரி வந்தது. வரும், வயிற்றைப் பிசையும், உச்சிக்கு ஏறும், விடும். விட்டதும் வேர்த்துக்கொட்டும். அடுத்தது எப்போது வருமோ என்று கட்டில் சட்டத்தைப் பிடித்தபடியே கிடப்பாள். சாயங்காலம் தின்றது எல்லாம் வாந்தியில் வந்தது.

“நாளைக்கு லீவு போட்டுட்டு ஆஸ்பத்திரி போவம்மா” என்றாள் சத்யப்பிரியா.

“வேணாம். போன மாசமே பதினோரு நாள் லீவு. உன்னைய நிப்பாட்டிருவான். காலையில சரியாயிரும்.”

பெத்தம்மாள் அப்படிச் சொன்னதற்குக் காரணம் லீவு இல்லை. ஆஸ்பத்திரி என்ற பேச்சே அவளுக்கு அலுத்துவிட்டது. ஊசி, ஸ்கேன், உடுப்பை அவிழ்த்து முகம் தெரியாதவர்கள் முன்னால் படுப்பது எல்லாம் அலுத்துவிட்டது. மூன்று வருஷம் ஓடிய ரத்தத்தோடு ஓடி, இப்போதுதான் படுத்திருக்கிறாள். இன்னும் எழுந்து ஓடச் சொல்கிறார்களே என்றிருந்தது.

மறுநாள் காலை சத்யப்பிரியா கம்பெனி வேனுக்குப் போனாள். மாரிசாமி பாலுக்குப் போயிருந்தான். கருத்தம்மாள் விளக்கெண்ணெயை லேசாகச் சூடுகாட்டி, ஒரு குழிக்கரண்டி நிறைய எடுத்து வந்தாள்.

“கண்ண மூடிக்கிட்டு முழுங்கு. எங்கம்மை காலத்துலருந்து இதுதான். ஒரு மணி நேரத்துல தொறந்து விட்டுரும்.”

பெத்தம்மாள் முழுங்கினாள். ஒரு மணி நேரத்தில் வயிறு திறக்கவில்லை. வலிதான் இடைவெளி இல்லாமல் வந்தது. பதினோரு மணிக்கு அவள் வாந்தி எடுத்தபோது அது பச்சையாக இருந்தது, பாசி பிடித்த தண்ணீர் மாதிரி.

அந்த நேரம் விஜி எதிர்வீட்டுக்கு வந்திருந்தாள். வீடு வீடாகப் போய் சர்க்கரைக்கும் ரத்தக்கொதிப்புக்கும் மாத்திரை கொடுத்துவிட்டு வரும் வேலை அவளுக்கு. வாந்திச் சத்தம் கேட்டுப் பையோடு உள்ளே வந்தாள். வாளியைப் பார்த்தாள். கட்டிலில் உட்கார்ந்து வயிற்றுக் கட்டை அவிழ்த்தாள். அவிழ்த்ததும் வயிறு பந்து போல மேலே எழும்பியது.

“யக்கா, காத்துப் பிரியுதா?”

பெத்தம்மாள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“கேக்கேன்லா. பின்னால காத்து போவுதா?”

“முந்தாநாத்துலருந்து இல்ல” என்றாள், சுவரிடம் சொல்வது போல.

“வெளிக்கு?”

“அதும் இல்ல.”

“வெளக்கெண்ணெ குடுத்திருக்கேன்” என்றாள் கருத்தம்மாள். “செத்த நேரத்துல எளகிரும்.”

விஜி எழுந்துவிட்டாள். “ஆச்சி, இனி ஒரு சொட்டுத் தண்ணி வாயில ஊத்தாதிய. இது மலச்சிக்கல் இல்ல. கொடலு எங்கயோ அடச்சிக்கிட்டு நிக்கி. இப்பமே போவணும். ஆட்டோவக் கூப்பிடுதேன்.”

“அவன் வரட்டுமே. தம்பி வந்துருவான்.”

“அண்ணன் ஆஸ்பத்திரிக்கு வரட்டும். யக்காவத் தூக்குங்க.”

ராஜபாளையத்துக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர். வெயில் ஆட்டோவின் கூரையைப் பொத்துக்கொண்டு இறங்கியது. ஒவ்வொரு குழியிலும் பெத்தம்மாள் “யம்மா” என்றாள். கருத்தம்மாள் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு, முந்தானையால் விசிறிக்கொண்டே வந்தாள்.

ஆபரேஷன் நடந்த அதே ஆஸ்பத்திரிதான். நிற்க வைத்து எக்ஸ்ரே எடுத்தார்கள். குடல் மருத்துவம் பார்க்கும் சோலைராஜ் டாக்டர் வந்து படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மூக்கு வழியாக வயிற்றுக்கு ஒரு குழாய் இறக்கினார்கள். இறக்கும்போது பெத்தம்மாள் இரண்டு கையாலும் நர்சின் கையைப் பிடித்துத் தள்ளினாள். இறங்கியதும் கட்டிலுக்குக் கீழே தொங்கிய பையில் பச்சைத் தண்ணீர் கடகடவென்று விழுந்தது. ஒரு லிட்டருக்கு மேல். அதற்குப் பிறகுதான் அவள் முகத்தில் சுருக்கம் விட்டது.

சாயங்காலம் டாக்டர் வராந்தாவில் மூன்று பேரையும் நிறுத்தினார். சத்யப்பிரியா கம்பெனி சுடிதாரோடு, தோளில் நூல் ஒட்டியிருக்க, ஓடி வந்திருந்தாள். மாரிசாமியின் மேல் பால் வாடை அடித்தது.

“கடைசியா என்ன சாப்பிட்டாங்க?”

அவ்வளவுதான் கேட்டார். மாரிசாமிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

“நான்தான் சார். பரோட்டா வாங்கிக் குடுத்தேன். ஆசப்பட்டான்னு. அஞ்சாறு நாளைக்கு முன்ன. மைதா உள்ள போயி ஒட்டிக்கிடுச்சி போல.”

“பரோட்டாவா!” என்று கருத்தம்மாள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். திட்ட வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டாள். “இல்ல சார். அவன் மேல குத்தமில்ல. நான்தான் தண்ணி குடுக்கல. அரை டம்ளர்தான். துணியப் போட்டு வயித்த இறுக்கிக் கட்டுனதும் நான்தான். இன்னைக்கு எண்ணெயும் ஊத்திட்டேன்.”

“ஆபரேஷனே வேண்டாம்னு அம்மா சொன்னா. நான்தான் நச்சரிச்சேன்” என்றாள் சத்யப்பிரியா. “நேத்தே கூட்டிட்டு வந்திருக்கணும்.”

டாக்டர் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கும் காலையிலிருந்து நின்று அலுத்த முகம்.

“இங்க பாருங்க. வயித்துக்குள்ள கத்தி பட்டா, ஆறும்போது சில பேருக்கு உள்ள நார் மாதிரி தழும்பு விழும். அதுல குடல் போய் ஒட்டி மடங்கிக்கும். யாருக்கு வரும்னு முன்கூட்டிச் சொல்ல முடியாது. பரோட்டாவால வரல. துணி கட்டுனதாலயும் வரல. நல்லாப் பாத்துக்கிட்டவங்களுக்கும் வரும்.”

“தண்ணி குடுக்காதது?”

“அது வேற தொந்தரவும்மா. தண்ணி இல்ல, கீரை இல்ல, இரும்பு மாத்திரை வேற. எல்லாஞ் சேந்து முதல்ல மலச்சிக்கல் வந்திருக்கு. அது மருந்துல சரியாயிருச்சி. இது அதுக்கப்புறம் வந்த அடைப்பு. ஆனா அடைச்சிருக்கும்போது எண்ணெய் குடுத்தது ஆபத்து. வாய்மூடுன குழாய்ல மோட்டாரப் போட்டா என்ன ஆகும்? குடல் கிழிஞ்சிருந்தா நான் இப்படி நின்னு உங்ககிட்டப் பேசிட்டு இருக்க மாட்டேன்.”

மூன்று நாள் பார்க்கலாம் என்றார். வாய்வழி ஒன்றும் கிடையாது, குளுக்கோஸ் மட்டும். குடல் தானாகவே ஒட்டலை விட்டு நகர்ந்தால் காற்றுப் பிரியும். பிரியாவிட்டால் திரும்பத் திறக்க வேண்டும்.

அன்றிலிருந்து அந்த வார்டில் ஒரே கேள்விதான். காலையில் நர்ஸ் வருவாள். “காத்துப் போச்சாம்மா?” மத்தியானம் பயிற்சி டாக்டர் வருவார். “காத்து?” கூட்டுகிற அம்மா கட்டிலுக்கடியில் துடைப்பத்தை விட்டுக்கொண்டே கேட்பாள். பக்கத்துக் கட்டிலில் குடலிறக்கத்துக்குப் படுத்திருந்த செலினா ஜெபம் பண்ணும்போது அதையும் சேர்த்துச் சொன்னாள். “ஆண்டவரே, இந்தச் சகோதரிக்குக் காத்துப் பிரியப் பண்ணும்.” பெத்தம்மாள் பதில் சொல்வதை விட்டுவிட்டுத் தலையை மட்டும் ஆட்டினாள். முதல் நாள் முகத்தைப் போர்வையால் மூடிக்கொண்டாள். மூன்றாம் நாள் மூடத் தெம்பில்லை.

பட்டறைக்காரர் வீட்டம்மா பார்க்க வந்தாள். கையில் ஒரு கிலோ பால்கோவா. உதடு வெடித்துக் கிடந்தவளின் தலைமாட்டில் அதை வைத்துவிட்டு, “ஒன் அடுப்புல இப்ப ஒரு புதுப்பிள்ள நிக்கி. ரெண்டு வாணலி அடிபிடிச்சிட்டு. சீக்கிரம் வா” என்றாள். பால்கோவா வார்டு முழுக்கப் போனது. பெத்தம்மாள் அதன் வாசனையைப் பிடித்து, “இது ரெண்டு நிமிசம் முந்தியே எறக்கினது” என்று மெல்லச் சொன்னாள்.

கருத்தம்மாள் கட்டிலுக்கடியிலேயே பாய் விரித்துக்கொண்டாள். சத்யப்பிரியா வாங்கி வந்த சாப்பாட்டுப் பொட்டலங்களை அவளிடமே திருப்பிக் கொடுத்துவிட்டாள். “அவ திங்காம கெடக்கா. எனக்கு எறங்கல” என்றாள். டாக்டர் குற்றமில்லை என்று சொன்னது அவள் காதில் ஏறவே இல்லை.

மூன்றாம் நாள் காலையில் குழாய் வழியாக ஏதோ ஒரு மருந்துத் தண்ணீரை விட்டுப் படம் எடுத்தார்கள். மருந்து கீழே இறங்குகிறதா என்று சாயங்காலம் இன்னொரு படம் பார்ப்பார்களாம். இல்லாவிட்டால் நாளைக் காலை ஆபரேஷன். கையெழுத்துக்குத் தாள் வந்தது.

மாரிசாமி பேனாவை வாங்கப் போனபோது பெத்தம்மாள் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். மூக்கில் குழாயோடு பேசுவதால் குரல் கரகரத்தது.

“போடாதிய.”

“என்னட்டி சொல்லுத?”

“என்னால ஆவாது. இன்னொரு தடவ கிழிச்சு, இன்னொரு தடவ தைச்சு, இன்னொரு தடவ எந்திரிச்சு நடந்து… எனக்குத் தெம்பில்ல. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருங்க. என்ன ஆவுதோ ஆவட்டும்.”

“பிள்ளைக்கு ஒரு கல்யாணம் செய்யணும்ல. அதுக்குள்ள இப்பிடிப் பேசுத.”

“மூணு வருசமா எல்லாருக்கும் செஞ்சிக்கிட்டேதான நின்னேன். அலுத்துப்போச்சிங்க.”

மாரிசாமி கையை விடுவித்துப் பேனாவை வாங்கிக்கொண்டான். பிறகு வராந்தாவுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். திரும்பி வந்து அவளிடம் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

மத்தியானம் மின்சாரம் போய்விட்டது. ஜெனரேட்டர் ஓடினாலும் விசிறி ஒன்று விட்டு ஒன்றுதான் சுற்றியது. கருத்தம்மாள் ஈரத் துணியால் பெத்தம்மாளின் முதுகைத் துடைத்துவிட ஒருபக்கமாகத் திருப்பினாள். திருப்பும்போது வயிற்றுக்குள் ஏதோ ஒன்று உருண்டது. வாய்க்கால் மடை திறந்தாற்போலக் குடுகுடுவென்று ஒரு சத்தம் உள்ளேயே ஓடியது. பெத்தம்மாள் பயந்து போய் மதினியின் தோளைப் பிடித்தாள். அடுத்த நொடி காற்றுப் பிரிந்தது. சத்தமாக, நீளமாக, நிற்காமல்.

வார்டு அப்படியே நின்றது. பிறகு செலினா, “ஸ்தோத்திரம்!” என்று கத்தினாள்.

கருத்தம்மாள் துணியைக் கீழே போட்டுவிட்டு வராந்தாவுக்கு ஓடினாள். “சிஸ்டரு! சிஸ்டரு! போயிட்டு! எங்க வீட்டுப் பிள்ளைக்குக் காத்துப் போயிட்டு!” மருந்து கொடுத்துக்கொண்டிருந்த நர்ஸ் சிரித்துவிட்டாள். பெத்தம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல், கண்ணிலிருந்து தண்ணீர் தலையணையில் வடியக் கிடந்தாள். சாயங்காலப் படத்தில் மருந்து பெருங்குடல் வரை இறங்கியிருந்தது. ஆபரேஷன் தேவையில்லை என்றார் டாக்டர்.

குழாயை எடுத்தார்கள். முதலில் தண்ணீர், பிறகு கஞ்சித் தெளிவு, பிறகு ரசம் விட்ட சோறு. வயிறு தாங்கியது. இரண்டு நாளில் சுவரைப் பிடித்து நடந்தாள். நாளை வீட்டுக்குப் போகலாம் என்றார்கள்.

மறுநாள் காலை கருத்தம்மாள் பாயைச் சுருட்டக் குனிந்தாள். பெத்தம்மாள் கட்டிலில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தாள். மதினியின் சேலையில் பின்பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறை. பழுப்புச் சேலை. வேறு யார் பார்த்தாலும் தெரியாது. மூன்று வருஷம் பழுப்புச் சேலையில் கறையைத் தேடிப் பழகிய கண்ணுக்குத் தெரிந்தது.

“மதினி, இங்க வாங்க. இது என்ன?”

கருத்தம்மாள் சட்டென்று முந்தானையைப் பின்னால் இழுத்துவிட்டுக்கொண்டாள். “மூலம். சூடு.”

“மூலமா?”

“ஆமாங்கேன்லா.”

பெத்தம்மாள் அந்த முந்தானையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கருத்தம்மாள் பாயைக் கக்கத்தில் வைத்தபடி நின்றாள். பிறகு பாயைக் கீழே வைத்துவிட்டுக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

“எனக்கு நின்னு எட்டு வருசமாச்சி பெத்து. திரும்ப வருது.”

“எப்பருந்து?”

“தையிலருந்து. விட்டு விட்டு வருது. யார்ட்டச் சொல்ல? பயலுகட்டச் சொல்ல முடியுமா? ஒனக்கு எடுக்கணும்னு ஒம் மக போன்ல சொன்னப்பவே எனக்கு நெஞ்சு அடச்சிப்போச்சி. ஒனக்கு எடுத்தா எனக்கும் எடுத்துருவாகள்லா. அதான் வேணாம்னு அம்புட்டுச் சண்ட போட்டேன். பொறவு நெனச்சேன். இவ நல்லபடியா எந்திரிச்சிட்டான்னா நாமளும் சொல்லிருவோம்னு.” அவள் மூக்கைச் சிந்தினாள். “அதுக்குத்தான் பத்தியத்த அம்புட்டு இறுக்கமா வச்சேன். நீ எந்திரிக்கணும்னு. நீ எந்திரிச்சாத்தான் எனக்குத் தைரியம் வரும்னு. கடைசியில நானே ஒன்னையக் கொல்லப் பாத்தேன். இதையெல்லாம் பாத்தபொறவு எனக்கு ஒண்ணும் வேணாம். வார வரைக்கும் வரட்டும்.”

பெத்தம்மாளுக்கு உடம்பில் எந்த மூலையிலும் பலம் இல்லை. படுத்தால் போதும் என்றிருந்தது. மதினியின் கை தன் போர்வை மேல் கிடந்தது, நகக்கண்ணில் பூண்டு உரித்த கறையோடு.

“எந்திரிங்க” என்றாள்.

“எங்கட்டி?”

“கீழ. டாக்டரம்மா பத்து மணிக்கு வருவாவ.”

“ஒனக்கு நடக்க ஏலாது.”

“ஒங்களப் பிடிச்சிக்கிட்டு நடக்கேன்.”

மாடிப்படி பதினெட்டு. ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து, நின்று, மூச்சுவிட்டு இறங்கினார்கள். கீழே பெண்கள் வரிசை ஜன்னல் வரை வளைந்திருந்தது. நர்ஸ் சீட்டு எழுதக் கேட்டபோது பெத்தம்மாள்தான் மதினியின் பெயர், வயது, ஊர் எல்லாம் சொன்னாள். பெஞ்சில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு தடவை கருத்தம்மாள் எழுந்தாள். இரண்டு தடவையும் பெத்தம்மாள் சேலையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

உள்ளே போனதும் டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்தார். “பெத்தம்மா, நீ ஏன் எறங்கி வந்த? மறுபடியும் வயிறு எதும்…?”

“எனக்கு இல்லம்மா. எங்க மதினிக்கு.”

“என்னம்மா செய்யுது?”

கருத்தம்மாள் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே யாரோ டோக்கன் நம்பர் கூப்பிடும் சத்தம் கேட்டது.

“சொல்லுங்க மதினி” என்றாள் பெத்தம்மாள். “மூணு நாளா இந்த ஆஸ்பத்திரி பூராவும் என் காத்தப் பத்தித்தான் பேசிச்சி. நான் என்ன செத்தா போயிட்டேன்?”

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. கருத்தம்மாளுக்கு வரவில்லை. அவள் முந்தானை ஓரத்தை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், திரும்பச் சுற்றினாள். பிறகு டாக்டரம்மாவைப் பார்க்காமல் பெத்தம்மாளின் முகத்தைப் பார்த்தே சொல்லத் தொடங்கினாள்.

“தை மாசம், ரெண்டாம் செவ்வாக்கெழம. கதிரறுத்துக்கிட்டு இருந்தோம்…”